ஈரத்துக்கு அடித்த மணி

கர்க்கடக மாதம் பிறந்து மழை தொடங்கினால் ரேடியம் வார்டு வாசலில் இருக்கிற மணிப்பெட்டிக்கும் சளி பிடித்துவிடும் என்று எலிசாள் சிஸ்டர் சொல்வாள். அது பொய்யில்லை. மழை விடாமல் நாலைந்து நாள் பெய்தால் போதும், யாரும் வாசலைத் தாண்டாமலே அது அலறத் தொடங்கும்.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பலாமரங்களுக்கு அடியில் இருந்தது அந்த வார்டு. எழுபதுகளின் தொடக்கம் அது. வாயிலும் கழுத்திலும் புற்று வந்தவர்களுக்கு ரேடியம் அடைத்த சின்னச் சின்ன ஊசிகளைச் சதைக்குள் செருகி, ஒரு வாரம் போல வைத்திருந்து எடுப்பார்கள். ஒவ்வொரு ஊசியின் காதிலும் நூல் கோத்திருக்கும். நூல் நுனிகளை வெளியே இழுத்துத் தோலில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருப்பார்கள். ஊசியிலிருந்து கிளம்பும் கதிர் கண்ணுக்குத் தெரியாது, சூடும் தெரியாது. புற்றைக் கருக்கும். பக்கத்தில் நல்ல சதை இருந்தால் அதையும் விடாது.

வார்டுக்கு ஒரே வாசல். நிலைச்சட்டத்தில் ஓர் அலுமினியக் குழாய், அதற்குள் கதிரை உணருகிற கண்ணாடிக் குழல். அதிலிருந்து ஒயர் போய்ச் சேருகிற சாம்பல் நிற இரும்புப் பெட்டியில் ஒரு முள், ஒரு சிவப்பு பல்பு, ஒரு மணி. அழுக்குத் துணிக் கூடையிலோ எச்சில் கோப்பையிலோ ஓர் ஊசி தப்பி வெளியே போனால் முள் ஏறி மணி அடிக்கும். கன்னத்தில் ஊசியோடு நோயாளியே எழுந்து போனாலும் அடிக்கும்.

பெட்டி தாணுமாலையன் பொறுப்பில் இருந்தது. நாகர்கோவில் வடசேரிக்காரர். ரேடியோ ரிப்பேர் படித்துவிட்டு வேலை தேடி வந்தவர், இந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மிஷினையும் மணிப்பெட்டியையும் பார்த்துக்கொள்ள அமர்ந்துவிட்டார். காலையில் வந்ததும் இருட்டில் பச்சையாக மின்னும் எண் போட்ட பழைய அலாரம் கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்க் குழலுக்குப் பக்கத்தில் காட்டுவார். அந்தப் பச்சைப் பூச்சிலும் துளி ரேடியம் உண்டு. முள் துள்ளி மணி அடித்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பிறகு மணியின் தொடுமுனைகளை உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பார். அந்தக் கடற்கரை மண்ணுக்கு இயல்பாகவே கொஞ்சம் கதிர் உண்டு, அதில் கலவை போட்ட சுவர் என்பதால் சும்மா இருக்கும்போதே முள் கொஞ்சம் எழுந்துதான் நிற்கும். அதற்கு மேலே எவ்வளவு ஏறினால் அடிக்க வேண்டும் என்று திருகி வைப்பதும் அவர் வேலை.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. பெட்டி மூன்றாவது முறையாக அலறியபோது எலிசாள் எட்டிப் பார்த்தாள்.

"தாணு அண்ணா, உமக்க பெட்டி மறுபடியும் ஒப்பாரி வைக்குது."

"ஈரம் சிஸ்டரே. சாக்கெட்டுக்குள்ள தண்ணி கோத்துக் கெடக்கு, கரண்டு ஒழுகுது. ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு, உள்ள ஒரு பல்பைப் போட்டு வச்சா உச்சைக்குள்ள சரியாயிரும்."

"அதுவரைக்கும் இந்தச் சத்தத்தையா கேக்கணும்? வாயில ஊசியோட கெடக்குத சனம், ஒறங்கண்டாமா?"

பெட்டியின் பக்கவாட்டில் மணியை மட்டும் நிறுத்த ஒரு ஸ்விட்ச் உண்டு. தாணு முக்காலி போட்டு ஏறி நின்று, சுவரைப் பார்த்தபடி பெட்டியைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தார். இடையில் மறுபடி மணி அடித்தது. "சும்மா கெட" என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்விட்சைத் தட்டினார். முதுகுக்குப் பின்னால் யாரோ ஈரத்தரையில் நடந்து போகிற சத்தம் கேட்டது. தரையைத் தூத்துப் பெருக்கும் பெண்ணாக இருக்கும் என்று நினைத்தார்.

எலிசாள் கஞ்சித்தண்ணி கொடுக்கப் போனபோது ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது.

அந்தக் கட்டில் பொன்முடி எஸ்டேட் மாடம்மாளுடையது. கொழுந்தெடுக்கிறவள், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் மலையேறியவள். அட்டைக்கடிக்கும் குளிருக்கும் மருந்தாகப் புகையிலையை எந்நேரமும் இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டே காலம் கழித்தவள். அங்கேதான் புண் வந்தது. கன்னம் முழுக்க ஊசி, வெளியே நூலும் பிளாஸ்திரியும். மறுநாள் காலையில் எடுப்பதாக இருந்தது.

பக்கத்துக் கட்டில் கிழவி சைகையால் சொன்னாள். காலையில் புருஷன்காரன் ஜன்னலில் வந்து நின்றான். மகளுக்குப் பிரசவ நோவு கண்டிருக்கிறது என்றான். மாடம்மாள் எழுந்து தலையும் கன்னமும் மூடத் துண்டைக் கட்டிக்கொண்டாள்.

எலிசாள் வாசலுக்கு ஓடிவந்தாள். தாணு முக்காலியிலிருந்து இறங்காமல் கேட்டுக்கொண்டார். கையிலிருந்த ஸ்பிரிட் பஞ்சு காய்ந்துபோயிருந்தது. மணி கடைசியாக அடித்ததும் தன் கை ஸ்விட்சுக்குப் போனதும் அந்தக் காலடிச் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குள் வந்து நின்றன.

டாக்டர் வெங்கடகிருஷ்ணனின் அறைக்கு இருவரும் போனார்கள். கரமனை அக்ரஹாரத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நான்தான் சார் மணிய நிப்பாட்டினேன். ஈரத்துக்கு அடிக்குதுன்னு நெனச்சேன். அவ எனக்குப் பின்னால போயிருக்கா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அதை அப்பறம் பேசிக்கலாம் தாணு. இப்போ கணக்கு வேற. ஊசி நாளைக்குக் காலம்பற வரைக்கும் இருக்க வேண்டியதுதான், அவளுக்கு அதுல தோஷமில்லை. பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்தவாளுக்கும் பெரிசா ஒண்ணும் வராது. ஆனா பிரசவ அறைக்குள்ளே போய்ப் பொண்ணை மடியிலே சாச்சுப்பா. பொறந்த கொழந்தையை மூஞ்சியோட வெச்சுப்பா. அதான் எனக்குக் கவலை."

"நான் போறேன் சார்."

"போங்கோ. கையிலே எடுத்துண்டு போற கதிர் மீட்டரை எடுத்துக்கோங்கோ. எலிசாள், நீயும் போ. பிரசவம் பாக்க ஆள் வேணும். அவளை நகத்தினா, அந்த எடத்துலே நீ இருக்கணும்."

ஆஸ்பத்திரி வேனின் டிரைவர் சத்தியதாஸ், எலிசாளின் ஊருக்கு அடுத்த ஊர்க்காரன். நெடுமங்காடு தாண்டும்வரை வைப்பர் வேலை செய்தது. பிறகு அதுவும் நின்றது. கையை வெளியே நீட்டித் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினான். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டு இல்லை. சிரட்டைகளெல்லாம் மழைத்தண்ணீர் நிறைந்து தொங்கின. விதுரா சந்தையில் மரச்சீனிக் கிழங்குக் குவியல்மேல் தார்ப்பாயைப் போட்டுவிட்டு வியாபாரிகள் கடைக்குள் ஒதுங்கியிருந்தார்கள்.

மடியில் மீட்டரை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, தாணு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏதாவது சொல்லும் தாணு அண்ணா."

"என்ன சொல்ல? பொய் சொல்லுகது பெட்டின்னு நானே முடிவு கட்டிட்டேன். அது ஒரு தடவ நெசம் சொல்லிச்சு, அப்ப வாயப் பொத்தினேன்."

"காலையில சத்தம் போட்டு நிப்பாட்டச் சொன்னது நான்லா."

"நீரு சொன்னதுக்காக நிப்பாட்டல. எனக்கு மடுத்து அலுத்துப்போச்சு, நிப்பாட்டினேன்."

எலிசாள் பையிலிருந்த கத்தரிக்கோலையும் நூலையும் கையுறையையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கல்லாற்றில் ஆறு கலங்கிப் பாறைகளை மூடிக்கொண்டு ஓடியது. பாலத்துக்குப் பக்கத்துச் சாயாக்கடையில் வண்டியை நிறுத்திக் கேட்டார்கள்.

"கண்டு, கண்டு" என்றார் கடைக்காரர். "முகத்துல தோர்த்துத் துண்டு கெட்டிய ஸ்திரீ, கூட ஒரு கிழவன். பஸ் இவிட நின்னு போயி, மேலே போகில்லா. எஸ்டேட் லாரியில கேறிப் போயி. ஒரு மணிக்கூர் ஆயிக்காணும்."

"ரோடு எப்படி சேட்டா?"

"மரம் வீணிட்டுண்டு. ஆளுகள் வெட்டுந்நுண்டு."

வளைவு வளைவாக வேன் ஏறியது. பாதிக்குமேல் பனிமூட்டம் இறங்கி ரோடே தெரியவில்லை. ஒரு வளைவில் விழுந்த மரத்தைக் கூலியாட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி போகிற அளவுக்கு வழி விட்டார்கள். மேலே தேயிலைச் சரிவில், தலைமேல் சாக்குப் படங்கு போட்டுக்கொண்டு பெண்கள் மழையிலேயே கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தது மூட்டத்துக்குள் திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

லயம் சரிவின் அடியில் இருந்தது. ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, ஒரு அடுப்பு. வண்டி நிற்கிற சத்தம் கேட்டதும் சொரிமுத்து வெளியே வந்தான். மாடம்மாளின் புருஷன். எலும்பும் தோலுமான ஆள், நனைந்த வேட்டி காலோடு ஒட்டியிருந்தது.

"சாரு, நான் சேதி சொல்லத்தான் போனேன். கூட்டிட்டு வரப் போவல. பஸ் ஸ்டாண்டுல திரும்பிப் பாக்கேன், பின்னால நிக்கா. போன்னு சொன்னாப் போகமாட்டேங்கா. நான் என்ன செய்ய?"

"இப்ப எங்க அவங்க?"

"கோமதிகிட்ட. உள்ள."

தாணு தாளை அவிழ்த்து மீட்டரை முடுக்கினார். வாசற்படிக்கு வெளியிலேயே அது படபடவென்று பொரியத் தொடங்கியது. உள்ளே அடுப்பு வெளிச்சத்தில் தெரிந்தது. இருபது வயசுப் பெண் கோமதி காலை அகட்டிக்கொண்டு பாயில் கிடந்தாள். அவள் முதுகைத் தன் நெஞ்சோடு சாய்த்து, தோளில் தாடையை வைத்து மாடம்மாள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசி இருக்கிற கன்னம் மகளின் கழுத்தோரம் இருந்தது. லயத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வெந்நீரும் துணியுமாக நின்றார்கள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி வாங்க" என்றார் தாணு. "உடனே வாங்க."

அவள் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

ஒரு பெண் முன்னால் வந்தாள். "என்ன அண்ணாச்சி இது? பெத்தவள எந்திரிங்கீரு? பிள்ளைக்குத் தாங்கிப் பிடிக்க ஆளு வேண்டாமா?"

"நான் பிடிக்கேன்" என்றாள் எலிசாள், முழங்கை வரை கழுவிக்கொண்டே. "எனக்க கையில எத்தனையோ பிள்ளைய விழுந்திருக்கு. பயப்படாண்டாம்."

மாடம்மாள் பல்லைத் திறக்காமல் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையும் ஊசிகளை அசைத்துக்கொண்டுதான் வெளியே வந்தது.

"டாக்டரு சொன்னாரு. என் சீக்கு ஒட்டாதுன்னு."

தாணு வாசற்படியில் குத்தவைத்து உட்கார்ந்தார். "சீக்கு ஒட்டாதுக்கா. அது நெசம். உங்க கன்னத்துல இருக்க மருந்துதான் ஆகாது. அது அடுப்புக் கங்கு மாதி. நெருப்புன்னு தெரியாது, சுடுகதும் தெரியாது. உங்களுக்குப் புண்ணு இருக்கு, அதைச் சுட வச்சிருக்கு. பிள்ளைக்குப் புண்ணு இல்லயே. நல்ல சதையைச் சுட்டா என்ன ஆகும்?"

அவள் மீட்டரைப் பார்த்தாள்.

"இந்தச் சத்தம் நீங்க இருக்கதுனாலதான் வருகு" என்றார் தாணு. "வெளிய எந்திரிச்சு வாங்க, கொறையும். நீங்களே கேளுங்க."

கோமதிக்கு நோவு வந்து அடங்கும்வரை மாடம்மாள் அசையவில்லை. பிறகு மகளின் தலையை எலிசாளின் கையில் கொடுத்துவிட்டு மெல்ல எழுந்தாள்.

"அம்மா, எங்க போற?" என்றாள் கோமதி. "அம்மா போவாத. போன தடவையும் நீ இல்ல."

மாடம்மாள் கதவருகே நின்றாள். போன வருஷம் கோமதிக்கு முதல் பிள்ளை பிறந்து அன்றைக்கே போய்விட்டது. அப்போது மாடம்மாள் மலைக்கு அந்தப் பக்கத்துச் சரிவில் கொழுந்தில் நின்றாள். ஆள் போய்ச் சொல்லி, அவள் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மருமகனும் இப்போது போனக்காட்டு எஸ்டேட்டில், ரோடு அடைபட்டுக் கிடக்கிறான். அதையெல்லாம் சொரிமுத்துதான் தாணுவிடம் வாசலில் நின்று முணுமுணுத்தான்.

"எவ்வளவு தூரம் போவணும்?" என்று கேட்டாள் மாடம்மாள்.

"பெரட்டுக் கொட்டகையில போய் இருந்தா நல்லது." வேலைக்கு ஆள் எடுக்கிற அந்தக் கொட்டகை சரிவில் ஏறிப் போய் மேலே இருந்தது.

"அங்கேருந்து அவ கூப்பிட்டா கேக்காது."

"வேனுல ஏறிப் போயிரலாம்க்கா. பிள்ளைய சிஸ்டர் பாத்துக்கிடுவா."

"நான் வரமாட்டேன். பெறந்த பொறவு வாறேன். கையக் காலக் கட்டித் தூக்கினாலும் இப்ப வரமாட்டேன்."

அவ்வளவு நீளமாகப் பேசியதில் அவள் உதட்டோரம் எச்சிலோடு ரத்தம் கசிந்தது. துண்டால் ஒற்றிக்கொண்டாள்.

தாணு அண்ணாந்து பார்த்தார். லயத்து அறைகளுக்கு நடுவே கருங்கல் சுவர், ஆனால் அது கூரைவரை போகவில்லை. சுவருக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு கை உயரத்துக்குச் சந்து, வரிசை நெடுகிலும். ஒரு வீட்டில் கொழம்பு கொதித்தால் கடைசி வீடுவரை மணக்கும். ஒரு வீட்டில் சண்டை நடந்தால் வரிசை முழுக்கக் கேட்கும்.

அவர் மாடம்மாளை அடுத்த அறையில் உட்கார வைத்துவிட்டு, கோமதியின் பாய்க்குப் பக்கத்தில் வந்து மீட்டரைப் பிடித்தார். பொரிவது குறைந்திருந்தது, போதவில்லை. அதற்கும் அடுத்த அறைக்கு அவளைக் கொண்டுபோனார். அங்கே குடியிருந்தவர்கள் மரச்சீனிச் சாக்கையும் கோழிக்கூடையையும் நகர்த்தி இடம் கொடுத்தார்கள். கடைசி மூலையில், சுவரோடு ஒட்டி ஒரு மணைப்பலகை போட்டார். திரும்பி மழையில் ஓடிவந்து பாயருகே பிடித்தார். இரண்டு கற்சுவர் குறுக்கே வந்ததும் எப்போதாவது ஒரு சொடக்குதான். வெறும் மண்ணும் கல்லும் தருகிற சத்தம்தான் அது.

"இங்கேருந்து பேசிக்கிடலாம்" என்று போய்ச் சொன்னார். "அந்த மூலைய விட்டு எந்திரிக்கப்பிடாது."

"ம்."

"எதுக்கும் எந்திரிக்கப்பிடாது. என்ன சத்தம் கேட்டாலும்."

"ம்."

மழை தகரத்தில் கொட்டியது. ஒரு பெண் கருப்பட்டி போட்ட கட்டன்சாயா கொண்டுவந்தாள். தாணு கதவு நிலையில் சாய்ந்து குடித்தார். மாடம்மாளால் சூடாக எதையும் வாயில் வைக்க முடியாது. ஆறிய கஞ்சித்தண்ணியைச் சொரிமுத்து கதவுக்கருகே வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். அவள் அதைத் தொடவில்லை. காதை மேலே திருப்பி வைத்துக்கொண்டு, அந்தச் சந்து வழியாக வருகிற ஒவ்வொரு மூச்சையும் கேட்டாள்.

"அம்மா!"

"இருக்கேன்" என்றாள் மாடம்மாள். வாயைத் திறக்க முடியாமல் அதைத் தொண்டையால் சொன்னாள். ஆனாலும் போய்ச் சேர்ந்தது.

நேரம் போனது. எலிசாளின் குரல் அவ்வப்போது கேட்டது. நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம், மூச்சு விடு மோளே. பிறகு கோமதியின் குரல் மாறியது. கத்துவதை நிறுத்திவிட்டு அழத் தொடங்கினாள்.

"எனக்கு ஏலாது. ஏலவே ஏலாது. அம்மாகிட்டச் சொல்லுங்க, எனக்கு ஏலாது."

"தாணு அண்ணா!" எலிசாளின் குரல் சுவர்மேல் வந்தது. "தலை வந்து நிக்குது. பிள்ள முக்கமாட்டேங்குது. பயந்து போச்சு. அவங்கள ஏதாவது சொல்லச் சொல்லும்."

மாடம்மாள் மூலையிலிருந்து பாதி எழுந்தாள். தாணு கையை நீட்டினார். தொடவில்லை. அவள் தானாகவே மறுபடி உட்கார்ந்து, சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்து வாயோரம் அழுத்திப் பிடித்தாள். பல்லைத் திறந்தாள். கன்னத்துப் பிளாஸ்திரி இழுபட்டது.

"ஏட்டீ, கோமதீ!"

அந்தச் சத்தத்தில் லயமே அமைதியாயிற்று.

"கொழுந்து மூட்டையத் தலையில வச்சு மேட்டுல ஏறுவேல்லா. பாதியில நின்னா என்ன ஆகும்?"

சுவருக்கு அப்பால் விசும்பல்தான் கேட்டது.

"கேக்கேன். என்ன ஆகும்?"

"சரிஞ்சிரும்" என்று அழுகையோடு வந்தது.

"பொறவு? நிக்காத. கால ஊனு. பல்லக் கடி. மூச்ச உள்ள வையி. ஏறு. நான் பின்னாலதான் வாறேன். ஏறுட்டீ."

ஒவ்வொரு நோவுக்கும் அவள் கத்தினாள். ஏறு, ஏறு என்று. துண்டு சிவந்துகொண்டே வந்தது. தாணு மீட்டரை அவளுக்கும் கதவுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். அது இடைவிடாமல் பொரிந்தது. ஊசி ஏதாவது கழன்று விழுந்தால் தெரியவேண்டும் என்று நூல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திடீரென்று திரும்பினாள்.

"அண்ணாச்சி, அத அணையும்."

"என்னக்கா?"

"அந்தப் பெட்டிய. அது போடுத சத்தத்துல எனக்கு அங்க கேக்கல."

தாணுவின் விரல் முடுக்கிக்குப் போய் நின்றது. காலையில் யோசிக்காமல் தட்டின கை அது. இப்போது அசைய மறுத்தது. இது பொய் சொல்லவில்லை. அவள் எங்கே இருக்கிறாள், ஊசிகள் எங்கே இருக்கின்றன, சுவருக்கு அந்தப் பக்கம் எவ்வளவு போகிறது, எல்லாம் அவர் அளந்து பார்த்தாயிற்று. கண்ணெதிரே அவளும் இருக்கிறாள்.

"எந்திரிக்கமாட்டியளே?"

"மாட்டேன்."

அணைத்தார்.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அதற்குள்ளே கோமதியின் நீண்ட முனகல். பிறகு பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏதோ சொன்னார்கள். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் மாடம்மாள் சுவர்க்கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் வீட்டுக்கு ஓடிவந்தபோது அவள் கேட்டதும் அந்த ஒன்றுமில்லாததைத்தான்.

எலிசாள் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு தடவை. மூன்றாவது தட்டுக்குப் பிள்ளை வீறிட்டது.

மாடம்மாள் கல்லை விட்டாள். மூலையில் அப்படியே சரிந்து உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள்.  

"பெண்பிள்ள!" என்று எலிசாள் கத்தினாள். "ரண்டு பேரும் நல்லா இருக்காங்க. கேக்குதா? நல்லா இருக்காங்க!"

சொரிமுத்து மழையிலேயே நின்று மூக்கைச் சிந்தினான்.

நஞ்சுக்கொடி விழுந்து, கோமதிக்குச் சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்து, லயத்துப் பெண்களிடம் எலிசாள் என்னென்ன செய்யவேண்டும், என்ன கண்டால் உடனே ஆளனுப்ப வேண்டும் என்றெல்லாம் சொல்லி முடிக்கையில் மூட்டம் கொஞ்சம் விலகியிருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும் என்று சத்தியதாஸ் ஹார்ன் அடித்தான். தாணு மீட்டரை மறுபடி முடுக்கி, மணைப்பலகை, தரை, துண்டு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். எதுவும் உதிரவில்லை. நூல்கள் சரியாக இருந்தன.

"எக்கா, வாசல்ல கொண்டுவந்து தூக்கிக் காட்டட்டா?" என்று எலிசாள் கேட்டாள். "தூரத்துல நின்னு பாக்கலாம். தாணு அண்ணன் அளந்து சொல்லுவாரு."

தாணு தலையாட்டினார். அவ்வளவு தூரத்தில், ஒரு நிமிஷம், ஒன்றும் ஆகாது.

மாடம்மாள் அந்த வாசலைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள். "முகத்தப் பாத்தா கை நிக்காது."

கோமதியின் வாசலைக் கடக்கும்போது நடையை வேகமாக்கினாள். "போயிட்டு வாறேன்ட்டீ" என்று மட்டும் சொன்னாள். உள்ளேயிருந்து "ம்" என்றது கேட்டது. வேனின் கடைசி சீட்டில் தனியாக ஏறி உட்கார்ந்தாள். முன்னால் மற்ற மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். கல்லாறு வருவதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் தாணு வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியைத் திறந்து, மணியை நிறுத்துகிற ஸ்விட்சைக் கழற்றி எடுத்து, அதன் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி ஈயத்தால் பற்றவைத்தார். இனி மணியை நிறுத்துவதென்றால் வார்டுக்குள் போய்க் கட்டில்களைப் பார்த்துவிட்டு, உள்பக்கம் இருக்கிற மெயினைத்தான் அணைக்கவேண்டும். சாக்கெட்டுக்கு ரப்பர் உறையும் மெழுகும் போட்டார். டாக்டர் வீட்டுக்குக் கிளம்பும்போது வந்து நின்று பார்த்தார்.

"நாளைக்கும் ஈரத்துக்கு அடிக்குமோ?"

"அடிக்கலாம் சார். ஒவ்வொரு தடவையும் போய்ப் பாப்பேன்."

"அவ பொண்ணு பக்கத்துல எத்தனை நேரம் ஒக்காந்திருந்தா?"

தாணு சொன்னார். டாக்டர் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

"நெறைமாசம். கொஞ்ச நேரம். பயப்பட ஒண்ணும் இல்லேன்னுதான் நெனைக்கறேன். ஆனா கொழந்தையை வருஷாவருஷம் கொண்டுவரச் சொல்லுங்கோ, நான் பாத்துண்டே இருக்கேன்." குடையை விரித்தவர் படியில் நின்றார். "மேலிடத்துக்கு நான் சொல்லித்தான் ஆகணும், தாணு."

"சொல்லணும் சார்."

மறுநாள் காலையில் ஊசிகளை எடுத்தார்கள். டாக்டர் ஒவ்வொரு நூலாகப் பிடித்து இழுத்து, ஒவ்வோர் ஊசியையும் ஈயச் சட்டிக்குள் போட்டார். எலிசாள் மாடம்மாளின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஊசியும் போனபிறகு சட்டியை அறைக்கு வெளியே கொண்டுபோய்விட்டு வந்து, தாணு மீட்டரை அவள் கன்னத்தருகே, வாயருகே, தலையணையருகே கொண்டுபோனார். எப்போதாவது ஒரு சொடக்கு.

"ஒண்ணும் இல்ல சார்."

மாடம்மாள் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இப்பத் தொடலாமா?" என்று கேட்டாள்.

"யாரை வேணும்னாலும் தொடலாம்" என்றார் டாக்டர். "ரெண்டு மூணு நாள் இங்கே இருந்து புண்ணைப் பாத்துண்டு, வீட்டுக்குப் போய் ஆசை தீரப் பேத்தியைத் தூக்கிக்கோ."

எலிசாள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாடம்மாள் அவள் இரண்டு கையையும் எட்டிப் பிடித்தாள். பிடித்து இழுத்து, உள்ளங்கைகளை விரித்து, மூக்கோடு வைத்துக்கொண்டாள்.

"எக்கா, நேத்தே சோப்புப் போட்டுக் கழுவியாச்சு. டெட்டால் நாத்தம்தான் வரும்."

மாடம்மாள் கேட்கவில்லை. ஊசி குத்தாத கன்னத்தை அந்தக் கைகளுக்குள் வைத்து அழுத்தினாள்.

"இந்தக் கையிலதானே விழுந்தா" என்றாள்.

எலிசாள் கையை எடுக்கவில்லை. தாணு மீட்டரை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போனார்.